பக்கம் எந்த மொழியில் திறக்க வேண்டும்? – கேள்வி பதில்

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஐயா, எங்கள் கோயில் இணையத்தளம் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது. வருபவருடைய மொழியைச் சர்வர், அதாவது தளத்தை வழங்கும் கணினி, எப்படி அறிந்துகொள்கிறது?

பதில்: உலாவியே அதைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு கோரிக்கையுடனும் அது அனுப்பும் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ வரியில், தமிழுக்கு 1, மலாய்க்கு 0.8 என்பதுபோல மொழிக் குறியீடுகளும் அவற்றுக்குரிய விருப்ப எடைகளும் இருக்கும். உங்கள் சர்வரில் இயங்கும் மென்பொருள் அப்பாச்சியாக இருந்தால், ‘மல்ட்டிவியூஸ்’ வசதியை இயக்கி, கோப்புப் பெயரின் இறுதியில் மொழிக் குறியீட்டைச் சேர்த்து, அந்தக் குறியீடு எந்த மொழிக்குரியது என்பதை ‘ஆட்லாங்குவேஜ்’ வரியில் குறித்துவிட்டால் போதும், பொருத்தமான கோப்பை அதுவே எடுத்துக் கொடுக்கும். ஓர் எச்சரிக்கை: மலாய்க்குரிய குறியீடு ‘எம்எஸ்’. ‘எம்ஒய்’ நம் மலேசிய நாட்டின் குறியீடு. மொழிக் குறியீடாக எழுதினால் அது பர்மிய மொழியைக் குறிக்கும்.

பட்டர்வொர்த் வாசகி: என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். ஆயினும் அவருடைய கைப்பேசியில் இத்தகைய தளங்கள் ஆங்கிலத்திலேயே திறக்கின்றனவே?

பதில்: வாங்கிய அன்று கடைக்காரரோ நீங்களோ ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்திருப்பீர்கள். சர்வருக்கு அந்த அமைப்பு தெரியும், அம்மாவைத் தெரியாது. உலாவியின் மொழிப் பட்டியலில் தமிழை முதலில் வைத்துப் பாருங்கள். தளம் நடத்துவோரோ, உலாவி சொல்வதை முதல் வருகைக்கான ஊகமாக மட்டும் கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் மேற்புறத்திலும் ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்திலேயே ஓர் இணைப்பை வைத்து, அதை ஒருவர் தொட்டபின் அந்தத் தேர்வைக் குக்கியில் (உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பில்) பதிந்து, உலாவி வேறு எது சொன்னாலும் அதையே மதிக்க வேண்டும். கொடிப் படங்கள் வேண்டாம். நம் தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பது?

ஜார்ஜ்டவுன் வாசகர்: ஐபி முகவரியை, அதாவது வருபவருடைய இணைய இணைப்புக்குரிய எண்ணை, வைத்து மொழியை முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. அது இடத்தை ஓரளவு காட்டும், அவ்வளவே. உங்கள் குயின் தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே மொழியை வாசிப்பார்கள் என்று சொல்ல முடியுமா?

செந்தூல் வாசகர்: ஒரே பக்க முகவரியில் எல்லா மொழிகளையும் எங்கள் நிரலே மாற்றி மாற்றி வழங்குகிறது. தமிழ் கேட்டவருக்குச் சில வேளை மலாய் வருகிறது. கூகுள் தேடலிலோ தமிழ்ப் பக்கம் அகப்படுவதே இல்லை.

பதில்: இரண்டுக்கும் வேர் அந்த ஒரே முகவரிதான். முன்னவருக்குச் சென்ற பக்கத்தை இடையிலுள்ள கேஷ் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இடம்) பின்னவருக்கும் கொடுத்துவிடுகிறது. பதிலுடன் ‘வேரி: அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்னும் வரியை அனுப்பினால் இது தீரும். தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் மொழி விருப்பம் எதையும் அனுப்பாமல் வருவதால், இயல்பு மொழியை மட்டுமே பார்த்துச் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, அவற்றை, ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவங்களைச் சுட்டும் ‘எச்ரெஃப்லாங்’ குறிப்பால் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒரு பக்கம் மற்றதைச் சுட்டி, மற்றது திரும்பச் சுட்டாவிட்டால் அந்தக் குறிப்பு பொருட்படுத்தப்படாமல் போகலாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நீங்கள் சொன்னபடி செய்தோம், ஐயா. ஜப்பானிய மொழிக் கைப்பேசியுடன் வந்த ஒருவருக்கு 406 என்று பிழை காட்டுகிறது.

பதில்: அவர் கேட்ட மொழி உங்களிடம் இல்லை என்பதே அதன் பொருள். அப்பாச்சியின் ‘ஃபோர்ஸ்லாங்குவேஜ்பிரையாரிட்டி’ அமைப்பில் ‘ஃபால்பேக்’ என்பதைச் சேர்த்தால், பிழைக்குப் பதிலாக ‘லாங்குவேஜ்பிரையாரிட்டி’ வரிசையில் முதலில் உள்ள மொழி திறக்கும். அந்த முதலிடம் எந்த மொழிக்கு என்பதை மட்டும் உங்கள் கோயில் நிர்வாகக் குழுவிடமே விட்டுவிடுகிறேன்.