கரண்ட் பில் குறைய 5 ஸ்டார் ஏசி, ஃப்ரிட்ஜ் வாங்குவது உண்மையிலேயே லாபமா?

பொருளைப் பொறுத்தது இல்லை, அது உங்கள் வீட்டில் தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நான் திருச்சிக்காரன், தமிழ்நாட்டுக் கணக்கில்தான் சொல்ல முடியும்.

இங்கே ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். 500 யூனிட் என்பது ஒரு மதில் சுவர் மாதிரி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய் சலுகை போய், அந்த நூறு யூனிட்டும் 4.50-க்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் மாறிவிட்டது, மதில் அப்படியேதான் நிற்கிறது. அதனால் எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது, "இது என்னை 500-க்குள் வைக்குமா?"

2023 கோடையில் எங்கள் பில் 560 யூனிட். அப்போது வீட்டில் ஏசியே இல்லை. மனைவி மிக்சியைக் காட்டி "750 வாட்ஸ்னு போட்டிருக்கு, இதுதான் இழுக்குது" என்றாள். அது தினம் கால் மணி நேரம் ஓடினால் அதிகம். ரெண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு யூனிட்கூட வராது. யாரும் கண்டுகொள்ளாத குற்றவாளி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட்ஸ். மூன்று ஃபேனும் சேர்ந்து தினம் 36 மணி நேரம் ஓடின. மூன்றையும் 28 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேனாக (குறைந்த கரண்ட்டில் ஓடும் மோட்டார் உள்ளது) மாற்றினேன். ரெண்டு மாசத்துக்குச் சுமார் 100 யூனிட் மிச்சம். 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய் கட்டிய இடத்தில் 459 யூனிட்டுக்கு 1,479. ஃபேன்களுக்கு ஆன செலவு ஒன்பதாயிரம் சொச்சம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரெகுலேட்டரோடு இந்த ஃபேன் ஒத்துப்போகாது, அதைக் கழற்றி நேரடியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். ரிப்பேர் ஆனால் தெருமுனையில் காயில் கட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும். வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்த்து வாங்குங்கள். அம்மாவுக்கு இன்னும் கோபம். "சுவத்துல திருகுனா போதாதாடா, இதுக்கும் ஒரு ரிமோட்டா?" என்பார். ரிமோட்டைக் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஏசிக்கு வருவோம். போன வருஷம் வாங்கப் போனபோது ரெண்டு ஒன்றரை டன் ஏசிகளின் லேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 3 ஸ்டாரில் வருஷத்துக்கு 965 யூனிட், 5 ஸ்டாரில் 760. விலை வித்தியாசம் 9,000 ரூபாய். கடைக்காரத் தம்பி "சார், வருஷம் 205 யூனிட் மிச்சம்" என்றார். அவர் சொல்லாதது, அந்த லேபிள் வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நாங்கள் போடுவது கோடையில் மூன்று மாசம், ராத்திரி எட்டு மணி நேரம். மொத்தம் 720 மணி நேரம். மிச்சம் 92 யூனிட்தான். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 828 ரூபாய். போட்ட காசு திரும்பப் பதினோரு வருஷம் ஆகும். 3 ஸ்டாரே எடுத்து வந்தேன். என் மச்சான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், வருஷம் முழுக்க தினம் பத்து மணி நேரம் ஏசி ஓடும். அவன் 5 ஸ்டார் எடுத்தான், அவனுக்கு ரெண்டேகால் வருஷத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். ரெண்டு பேரும் செய்தது சரிதான்.

ஃப்ரிட்ஜ் இதற்கு நேர் எதிர், 24 மணி நேரமும் ப்ளக்கில் இருப்பது. அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸ்டாரை மட்டும் எண்ணவும் வேண்டாம். ஸ்டார் கொடுக்கும் அளவுகோலைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், பழைய 5 ஸ்டார் புதுக் கணக்கில் 4 அல்லது 3 ஆகிவிடும். லேபிளிலேயே எந்த வருஷத்துக்கானது என்று போட்டிருக்கும். அதையும், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும் பாருங்கள்.

எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் 2009-ல் வாங்கியது. ப்ளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே செருகுகிற சின்ன பவர் மீட்டர் ஒன்றை வாங்கி ஒரு வாரம் பார்த்தேன், நாளைக்கு 2.1 யூனிட். கதவிடுக்கில் ஒரு நோட்டுத்தாளை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பரை மாற்றினேன், 1.8-க்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. பிறகு வாங்கியதில் லேபிள் 190 யூனிட் என்கிறது, அதாவது நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டில் 0.7 ஓடுகிறது. அம்மா சாம்பாரை ஆறவைக்காமல் உள்ளே வைப்பதை எந்த லேபிளும் கணக்கில் எடுக்காது.