வீட்டை அடகு வைக்க வேண்டாம்; மகள் கண்ணாடியைப் படிக்கட்டும்

ஐயா, வேதியியலில் நாட்டமுள்ள மகளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் கணினி அறிவியலில் சேர்க்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வைக்கக் கூடாது என்பதே என் பதில். வற்புறுத்துகிற உங்கள் மைத்துனர் அந்தக் கடனில் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி இருக்கிறது. தரை ஓடு செய்யும் படிப்புதானே என்பார்கள். கண்ணாடியும் அதற்குள் வரும். அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் மகளுக்கேற்ற வேதியியல் கொட்டிக் கிடக்கிறது.

அணுமின் நிலையங்களின் எரிபொருளை மறுசுழற்சி செய்யும்போது எஞ்சும் கடும் கதிரியக்கக் கழிவை, சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் போரானும் சிலிக்காவும் கலந்த போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலன்களில் அடைக்கிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடங்களிலும் இதற்கான ஆலைகள் உள்ளன. கழிவிலுள்ள நெப்டூனியம்-237 என்ற கதிரியக்கத் தனிமத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 21 லட்சம் ஆண்டுகள் என்பதால், கலன்களை ஆழத்தில் புதைத்த பிறகு நிலத்தடி நீர் பட்டால் அந்தக் கண்ணாடி எவ்வளவு வேகத்தில் அரிக்கப்படும் என்பதே தலையாய கேள்வியாகிறது. முதலில் சோடியமும் போரானும் வெளியேறுகின்றன. பிறகு எஞ்சிய சிலிக்கா கண்ணாடியின் மேல் கூழ்ப்படலமாகப் படிய, நீரிலும் சிலிக்கா நிறைந்துவிட, அரிப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல் தணிகிறது. ஆனால் காரத்தன்மை மிகுந்த நீரில் சியோலைட் என்ற கனிமத்தின் படிகங்கள் உருவாகி அந்தச் சிலிக்காவை உறிஞ்சிக்கொண்டால், தணிந்த அரிப்பு மீண்டும் வேகமெடுக்கக்கூடும். எந்த ஆய்வகமும் லட்சம் ஆண்டுகள் காத்திருக்க முடியாது என்பதால், பிரெஞ்சு ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடலின் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலில் 1,800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்த கண்ணாடிக் கட்டிகளை எடுத்து, தங்கள் கணக்கீடுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வேதியியலை விரும்பும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

இது விரைவில் பணம் தரும் வழியன்று. இந்த ஆராய்ச்சிக்கு முதுகலையும் முனைவர் பட்டமும் வேண்டும். இடையில் மனம் மாறினால் கண்ணாடி, ஓடு, உலைக்கல் தொழிற்சாலைகளில் வேலை தேடலாம். அரசுக் கல்லூரிக் கட்டணம் என்பதால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

கட்-ஆஃப் போதுமா என்பதை முந்தைய ஆண்டுகளின் தரவரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை மட்டும் மகளே நிரப்ப வேண்டும். அந்த வரிசையில் நீங்களோ மைத்துனரோ கைவைக்கக் கூடாது.