கேபிள் இணைப்பை நிறுத்துவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கேபிள் தொலைக்காட்சியை விட்டுவிட்டு இணையவழி நேரலைக்கு மாறலாமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

மாதம் 300 ரூபாய் கேபிளுக்குக் கட்டுகிறோம். பைபர் இணைய இணைப்பு வந்தபிறகு கேபிள் வீண் செலவு என்கிறான் என் மகன். மாமியார் சீரியல் பார்ப்பார். மற்றவர்கள் எப்போதாவதுதான் தொலைக்காட்சி முன் உட்காருவோம். நிறுத்திவிடலாமா?
(வாசகி, கும்பகோணம்)

முதலில் அந்த 300 ரூபாய் எங்கே போகிறது என்று பாருங்கள். 2019 பிப்ரவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறைப்படி, இணைப்புக் கட்டணம் தனி, கட்டணச் சேனல்களின் விலை தனி. அப்போது 100 சேனல்களுக்கு இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயாகவும், வரியோடு சேர்த்து 153 ரூபாய் 40 காசாகவும் இருந்தது. 2020 மார்ச்சில் அதே கட்டணத்துக்கு 200 சேனல்கள் என்று ஆனது. 2024இல் அந்த உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. இணைப்புக் கட்டணத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது கட்டணச் சேனல்களுக்கும் தொகுப்புகளுக்கும்தான். கேபிள்காரர் போட்டுக் கொடுத்த தொகுப்பில் வீட்டில் எவருமே திறந்து பார்க்காத சேனல்கள் பல இருக்கும். அவற்றை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாலே மாதக் கட்டணம் குறையக்கூடும். பெரும்பாலோர் இந்த வழியை முயன்றே பார்ப்பதில்லை.

அடுத்து, இணையத்தில் என்ன கிடைக்கிறது என்ற கணக்கு. தமிழ்ச் செய்திச் சேனல்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் ஆகியவை யூடியூபிலேயே நேரலையாக வருகின்றன. பொழுதுபோக்குச் சேனல்கள் அப்படியல்ல. சன் குழுமத்துக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று ஆளுக்கொரு கடை வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் இரவு ஏழு மணிக்கு ஒரு சேனலிலும் எட்டரைக்கு இன்னொன்றிலும் சீரியல் பார்க்கிறார் என்றால், இரண்டு செயலிகளுக்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். மூன்றுக்கும் கட்டினால் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரிமோட். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய பழைய ரிமோட்டில் எண்கள் தேய்ந்து போய்விட்டன. ஆனாலும் கண்ணாடி போடாமலேயே கட்டைவிரலால் தடவி, வேண்டிய சேனலின் மூன்று எண்களைச் சரியாக அழுத்திவிடுவார். சென்ற ஆண்டு நான் கேபிளை நிறுத்தி, செயலிகளைத் தொலைக்காட்சியில் ஓட்டும் சிறு கருவியான ஒரு ஸ்டிக்கைச் செருகிக் கொடுத்தேன். செயலியைத் தேட வேண்டும், "யார் பார்க்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், நேரலைப் பகுதிக்குப் போக வேண்டும், நடுவில் கடவுச்சொல் கேட்டால் என்னை அலுவலகத்தில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பத்தாம் நாள் அவர் கேட்பதையே விட்டுவிட்டு, சீரியல் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபிறகு மறுநாளே கேபிள் இணைப்பைத் திரும்ப வாங்கினேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வாரம் ஒரு நோட்டில் யார், எந்தச் சேனலை, எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். அதன்பிறகு ஒரு மாதம் கேபிளையும் வைத்துக்கொண்டு, மாமியாரே செயலியைத் திறந்து பார்க்கப் பழகுகிறாரா என்று கவனியுங்கள். தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர் அவர்தான் என்பதால், முடிவை அவரிடம் விடுவதே முறை.

செயலியில் கிரிக்கெட் பார்க்கும்போது, பந்து வீசப்படுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் "அவுட்" என்று கத்துகிறார்கள். என் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகம் கொண்டது. குறை எங்கே?
(வாசகர், கோயம்புத்தூர்)

உங்கள் இணைப்பில் குறை இல்லை. வேகத்தை 300 ஆக்கினாலும் இந்தத் தாமதம் பெரிதாகக் குறையாது.

கேபிளுக்குப் படம் செயற்கைக்கோள் வழியே வருகிறது. அது பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், சமிக்ஞை அங்கே ஏறி இறங்க ஒரு நொடியில் கால் பங்குதான் ஆகிறது. அதைப் பெற்றுக் கேபிள் வழியே அனுப்புவதில் இன்னும் சில நொடிகள் போகலாம், அவ்வளவே. இணையவழி நேரலை வேறு விதமாக இயங்குகிறது. வருகிற படத்தைச் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சுருக்கி, பல ஊர்களில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். துண்டு ஒன்று ஆறு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் தடைபடாமல் ஓட வேண்டும் என்பதற்காக உங்கள் செயலி மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். அதிலேயே பதினெட்டு நொடி போய்விட்டது. சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை நிமிடம்கூடப் பின்தங்கலாம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஒளிபரப்பில் ஒரே சமிக்ஞையை ஒருவர் பெற்றாலும் ஒரு கோடிப் பேர் பெற்றாலும் அனுப்புகிறவருக்குச் சுமை ஒன்றுதான். இணையத்திலோ ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியின்போது, டிஸ்னி ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் படம் போய்ச் சேர்ந்தது பெரிய பொறியியல் சாதனை. அந்தச் சாதனைக்கு நாம் கொடுக்கும் விலைதான் சில நொடிகள்.

தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது கிரிக்கெட் மட்டுமே என்றால் கட்டணத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023, 2024 ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாரோடு இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபின் சந்தா வந்துவிட்டது. இலவசத்தை நம்பி நெடுநாள் திட்டம் போட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

படம் அடிக்கடி நின்று வட்டம் சுற்றுகிறது. நாள் முழுவதும் ஓடினால் டேட்டா தீர்ந்துவிடாதா?
(வாசகர், திண்டுக்கல்)

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். எச்டி தரத்தில் மணிக்கு இரண்டு முதல் மூன்று ஜிபி செலவாகும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் மாதம் 450 ஜிபி அளவில்தான் வரும். பைபர் திட்டங்கள் பலவற்றின் மாத வரம்பு 3,300 ஜிபி. கைப்பேசியின் நாள் ஒன்றுக்கு 2 ஜிபி திட்டத்தை ஹாட்ஸ்பாட்டாக வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் ஒரு மணி நேரத்திலேயே டேட்டா தீர்ந்துவிடும்.

வட்டம் சுற்றுவதற்குப் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். ரவுட்டர் வரவேற்பறையில், தொலைக்காட்சி சுவருக்கு அப்பால் படுக்கையறையில் என்றால் படம் நிற்கத்தான் செய்யும். இருபது அடி லேன் கம்பி ஒன்றை வாங்கி, ரவுட்டரிலிருந்து நேராகத் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். எச்டி படத்துக்கு நிலையான ஐந்து எம்பிபிஎஸ் போதும். அது கம்பி வழியே விட்டுப்போகாமல் வரும்.

டெக்சாஸில் இருக்கும் என் மகள், கேபிளை விட்டுவிட்டு யூடியூப் டிவி என்ற ஒரே செயலியில் எல்லாச் சேனல்களையும் பார்க்கிறாள். அதை இங்கே வாங்க முடியுமா?
(வாசகர், மதுரை)

முடியாது. அது அமெரிக்காவுக்குள் மட்டுமே கிடைக்கும் சேவை. அதன் கதையை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2017இல் தொடங்கியபோது மாதம் 35 டாலர். சேனல்கள் கூடக்கூடக் கட்டணமும் ஏறி, 2025 ஜனவரியில் 82.99 டாலருக்கு வந்து நின்றது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் டிஸ்னி நிறுவனத்தோடு கட்டணப் பேச்சு முறிந்து, இரண்டு வாரம் ஈஎஸ்பிஎன், ஏபிசி உள்ளிட்ட சேனல்கள் அதில் வரவில்லை. கேபிள் நிறுவனங்களோடு சேனல்காரர்கள் போட்ட அதே சண்டை, செயலிக்கு மாறியபின்னும் தொடர்கிறது. ஆனாலும் உங்கள் மகளுக்கு ஒரு வசதி உண்டு: ஒப்பந்தம் எதுவும் இல்லை, வேண்டாத மாதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே ஆண்டுச் சந்தா மலிவு என்று கட்டிவிட்டு மறந்துபோகிறோம். தானாகப் பணம் எடுப்பதற்கு ஒருநாள் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

இருபது ஆண்டுகளாக எங்கள் தெருவுக்குக் கேபிள் தருபவர், மழையிலும் கம்பம் ஏறிச் சரிசெய்து கொடுத்தவர். அவரிடம் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.
(வாசகி, தூத்துக்குடி)

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அவரிடம் நேரில் பேசுங்கள். இன்று கேபிள்காரர்கள் பலர் பைபர் இணைய இணைப்பும் தருகிறார்கள். அவரும் தருகிறார் என்றால் இணையத்தை அவரிடமே வாங்கலாம். நள்ளிரவில் இணைப்பு அறுந்தால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டுக்கொண்டிருப்பதைவிட, தெரு முனையில் இருப்பவரைக் கூப்பிடுவது எத்தனையோ மேல். முழுவதுமாக நிறுத்த மனமில்லை என்றால், சில மாதங்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கவும் டிராய் விதிகளில் இடம் உண்டு. நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால், இந்த மாதப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, செட்டாப் பாக்ஸை ரிமோட்டோடும் அடாப்டரோடும் துடைத்து ஒரு பையில் போட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டிக்கு முன்பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.