மலைநாட்டு வீட்டில் பாட்டுக் கேட்க எந்தச் சேவை? கேள்வி பதில்

அட்டனில் இருபது வருடங்களாக ரேடியோவும் அம்பிளிபயரும் திருத்தி வருகிறேன். முன்பெல்லாம் கேசட் சிக்கிக்கொண்டது என்று வருவார்கள். இப்போது கைத்தொலைபேசியை நீட்டி, எந்தப் பாட்டுச் சேவைக்குப் பணம் கட்டலாம் என்கிறார்கள். இந்த மாதம் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நுவரெலியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஸ்பொட்டிஃபையா, அப்பிள் மியூசிக்கா? ஒலி எதில் நன்றாக இருக்கும்?

ஐயா, எண்களை மட்டும் பார்த்தால் அப்பிள் மியூசிக்தான். 2021 ஜூனிலிருந்து மேலதிகக் கட்டணம் இல்லாமலே இழப்பில்லாத ஒலியை, அதாவது சுருக்கும்போது எதையும் வெட்டி எறியாத ஒலியைத் தருகிறது. இறுவட்டின் (சீடியின்) தரமான 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில் தொடங்கி 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் வரை போகிறது; இந்த எண்கள் கூடக்கூடப் பதிவு நுணுக்கமாகும். ஆனால் அந்த வசதியை நீங்களே அமைப்புகளுக்குள் போய்த் திறந்துவிட வேண்டும்; பலர் திறக்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இலங்கைக்கு 2021இல் வந்த ஸ்பொட்டிஃபை, கட்டணம் கட்டியவர்களுக்கும் நெடுநாள் விநாடிக்கு 320 கிலோபிட் என்ற சுருக்கிய ஒலியையே உச்சமாக வைத்திருந்தது. 2025 செப்டெம்பரில்தான் 24 பிட், 44.1 வரையான இழப்பில்லாத ஒலியை நாடு நாடாகத் திறக்கத் தொடங்கியது. உங்கள் கணக்கில் அது வந்திருக்கிறதா என்று ஒலித்தரப் பகுதியில் பாருங்கள்.

இனி என் அபிப்பிராயம். கடையில் நல்ல ஸ்பீக்கரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். வீணையின் மீட்டு அடங்கும் இடத்திலும் தாளத்தின் கணீரென்ற ஓசையிலும் சில வேளை வித்தியாசம் தெரிந்தது. பெரும்பாலான பாடல்களில் தெரியவில்லை. ஆகவே தரத்தை இரண்டாவதாக வையுங்கள். நீங்கள் கேட்காமல் இருக்க முடியாத பத்துப் பாடல்களை ஒரு தாளில் எழுதி, இரண்டிலும் தேடிப் பாருங்கள். ஸ்பொட்டிஃபையை விளம்பரங்களோடு இலவசமாகவும் கேட்கலாம் என்பதால் அங்கிருந்து தொடங்குவது எளிது. எட்டுப் பாடல் ஓரிடத்திலும் நான்கு மற்றதிலும் இருந்தால், வேறு யோசனை எதற்கு?

மஸ்கெலியா, தோட்டத்திலிருந்து ஒரு தம்பி: மாலை ஏழு மணிக்குப் பிறகு பாட்டு நின்று நின்று வருகிறது. வேறு சேவைக்கு மாறவா?

மாற வேண்டாம் தம்பி, பழி சேவையின் மேல் இல்லை. வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் ஒரே கைத்தொலைபேசிக் கோபுரத்தை முழுப் பள்ளத்தாக்கும் இழுக்கிறது. இடையில் ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் சொல்லவே வேண்டாம்.

சென்ற மாதம் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குப் போயிருந்தேன். ரவுட்டரை இரும்பு அலுமாரியின் மேல் வைத்து, தூசி படாமல் துணி போர்த்தியிருந்தார்கள். பின்னால் தகரத் தடுப்பு, மேலே தகரக் கூரை. அலைவரிசை எந்த வழியாக உள்ளே வரும்? அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்ததும் ஒரு கோடாக இருந்த சிக்னல் மூன்றானது. செலவு ஒரு சதமும் இல்லை.

அடுத்தது, தரவிறக்கம். நம் ஊருக்கு இதைவிட நம்பகமான வழியை நான் காணவில்லை. 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட் போகும். இறுவட்டுத் தரத்தில், பாட்டைப் பொறுத்து, 400 மெகாபைட் அளவில் ஆகும். 24 பிட், 192இல் கேட்டால் 2 ஜிகாபைட்டையும் தாண்டும். விடியற்காலையில் கோபுரம் ஓய்ந்திருக்கும்போது இறக்கி வைத்துவிட்டு மாலையில் கேளுங்கள். ஸ்பொட்டிஃபையின் கட்டணச் சேவையில் ஒரு கருவிக்கு 10,000 பாடல்கள் வரை, ஐந்து கருவிகளில் வைத்திருக்கலாம். 30 நாட்களுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைக்க மறந்தால் மட்டும் அவை போய்விடும்.

பண்டாரவளை: என்னிடம் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. இழப்பில்லாத சேவை எடுத்தால் பயன் உண்டா?

இல்லை. புளூடூத் பொதுவாகப் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. வீட்டில் பழைய அம்பிளிபயர் ஏதாவது தூசி படிந்து கிடந்தால், தொலைபேசியின் சார்ஜ் துளையில் மாட்டும் சிறிய ஹெட்போன் மாற்றியை வாங்கி, வயரால் இணையுங்கள். அந்தச் சிறு செலவு தரும் இன்பத்தை எந்தச் சந்தாவும் தராது.

கண்டி: 1950, 60களின் பாடல்கள் உயர்தர ஒலியில் புதிதுபோலக் கேட்குமா?

அவற்றில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றைத் தட ஒலிப்பதிவுகள். பதிவில் இல்லாததை எண் கூட்டித் தர முடியாது. ஒரே பாட்டுக்கு நான்கைந்து பதிப்புகள் இருக்கும். சிலவற்றில் எதிரொலியை ஏற்றி, கரகரப்பை நீக்குகிறேன் என்று குரலின் உயிரையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் குரல் முன்னால் நிற்கும் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஹப்புத்தளை: குடும்பத் திட்டம் இலாபமா?

மூன்று பேருக்கு மேல் கேட்டால் இலாபம்தான். இரண்டிலும் ஆறு பேர் சேரலாம். ஸ்பொட்டிஃபையில் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொழும்பில் வேலை செய்யும் மகனை அதில் சேர்க்க முடியாது.

பொகவந்தலாவை, ஒரு அக்கா: அப்பா காமன் கூத்தில் பாடியது கேசட்டில் இருக்கிறது. அதுபோன்ற பாடல்களை எந்தச் சேவையில் தேடினாலும் கிடைக்கவில்லையே?

அக்கா, நானும் தேடிச் சலித்தவன். மன்மதன் கதையை ஆடிப்பாடும் அந்தக் கூத்தில், மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் விடிய விடிய ஒலித்த தப்புப் பறையும் பாட்டும் பெரும்பாலும் யாருடைய சந்தாவுக்குள்ளும் இல்லை. அவை உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன.

தயவுசெய்து அந்தக் கேசட்டை இப்போதே போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும். வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டின் நடுவில் உள்ள சிறு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. சுத்தம் செய்த பிறகு, நாடாவைப் படிக்கும் ஹெட்டை அல்கஹோலால் துடைத்த டெக்கில் ஓட்டி, வயர் மூலம் கணினியில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் சுருக்காமல் பதிய வேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.

கேசட்டை என் கடைக்குப் பஸ்ஸில் கொண்டு வரும்போது ஒரு டப்பாவில் போட்டு, கொஞ்சம் உலர்ந்த அரிசியும் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். இந்த வேலைக்கு நான் கூலி வாங்குவதில்லை. பதிவு ஓடி முடியும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். எந்த இடத்தில் அப்பாவின் குரல் வருகிறது என்று உங்களால்தான் சொல்ல முடியும்.