தவணை உங்களுடையது, பணம் யாருடையது?

கேள்வி: தையல் தொழில் செய்கிறேன். மகளிர் குழு மூலம் மூன்று முறை கடன் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவிட்டேன். ஆனாலும் தொழில் வளரவில்லை. ஒவ்வொரு முறையும் பாதிப் பணம் கணவரின் கடைக்கும் தம்பியின் தேவைக்கும் போய்விடுகிறது. அடுத்த குழுக் கடனோடு, கைபேசிச் செயலியில் உடனடிக் கடனும் எடுத்து மோட்டார் மெஷின் வாங்கலாமா?

பதில்: செயலிக் கடன் வேண்டவே வேண்டாம். கட்டணம் பிடித்துக்கொண்டு 85 கொடுத்து, 30 நாளில் 100 கேட்கிறார்கள் என்று வையுங்கள். மாதத்துக்கே 17 சதவீதத்துக்கு மேல். எந்தத் தையல் மெஷினும் அவ்வளவு சம்பாதித்துத் தராது.

மூன்று கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு நான் சிக்கனம் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். நூலுக்கும் பொத்தானுக்கும் தேதியோடு கணக்கு இருக்கிறது. ‘தம்பிக்கு’ என்ற வரிக்கு எதிரே தொகை மட்டும்தான். திரும்பி வரும் தேதி இல்லை. தொழில் தேங்கிக் கிடப்பது அந்த வரியில்தான்.

கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டியோடு 110, வாரம் 2.20 வீதம் 50 வாரம். முழுத்தொகையும் தொழிலில் இருந்தால், போட்ட பணத்தில் வாரம் 2.2 சதவீதம் எடுத்தால் தவணைக்குச் சரியாகிவிடும். பாதி வெளியே போனால், மீதி 50ஐ வைத்து அதே 2.20ஐ எடுக்க வேண்டும், அதாவது 4.4 சதவீதம். அதனால்தான் இரவெல்லாம் தைத்தும் கையில் எதுவும் நிற்பதில்லை. உங்கள் உழைப்பில் குறையே இல்லை.

பெண்களுக்குக் கடன் கொடுத்தாலும் லாபம் வராது என்று பேசுவோர் உண்டு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பெண் பெயரில் வந்த மூலதனம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போனதைக் காட்டியது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் லாபம் ஆண்களுக்கு இணையாகவே இருந்தது. உகாண்டாவில் சுமார் 3,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், கடனை ரொக்கமாகத் தராமல் அவரவர் பெயரிலான கைபேசிப் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதத்தில், ரொக்கமாக வாங்கியவர்களைவிட இவர்களின் லாபம் சுமார் 15 சதவீதம் கூடுதல். பணம் கேட்டு வீட்டில் நெருக்குதல் அதிகம் இருந்தவர்களுக்கே பலனும் அதிகம்.

ஆகவே நான்காவது கடனை ரொக்கமாக வாங்காதீர்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கில் வரட்டும். மெஷினின் விலையை முன்பே பேசி முடித்துவிட்டு, பணம் வந்த அன்றே விற்பவருக்கு நேராக அனுப்பிவிடுங்கள். பீரோவில் ஒரு ராத்திரி இருந்தாலும் அது வீட்டுப் பணமாகிவிடும்.

கணவரின் கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் பங்குக்கான வாரத் தவணையை அவரே கட்ட வேண்டும். குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் கையில் வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தம்பி விஷயம் வேறு. தொழிலிலிருந்து உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள்; அவருக்கு உதவுவது அதிலிருந்து மட்டும். அவர் கேட்கும்போது மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். “பணம் மெஷினாகிவிட்டது” என்று சொல்லுங்கள். அன்றைக்கு அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

குழுவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளித் தருவார்களா? மெஷின் வந்து, கை பழகி, துணி சேர அவ்வளவு நாளாகும்.