ஜூலையில் டெக்சாஸ் கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போகலாமா?

ஹூஸ்டனில் இருக்கிறீர்கள், இந்த வெயிலில் கால்வெஸ்டன் பக்கம் போனால் பறவை கிடைக்குமா, அக்டோபர் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். கரைப்பறவைகளுக்கு ஜூலையிலேயே தெற்கு நோக்கிய வலசை தொடங்கிவிடும்.

கால்வெஸ்டனில் இலவசப் படகில் காரோடு ஏறி அக்கரைக்குப் போங்கள். பொலிவர் ஃபிளாட்ஸ் அங்கேதான். கப்பல் வழிக்காகக் கட்டிய வடக்குக் கல்கரையை ஒட்டி வண்டல் படிந்து உண்டான சேற்றுவெளி அது. ஹூஸ்டன் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. அலாஸ்காவில் முட்டையிட்ட வெஸ்டர்ன் சாண்ட்பைப்பர் என்ற சிறிய உள்ளான்கள் ஜூலை முதல் பாதியிலேயே வந்துவிடும். கூடு கலைந்தவை முந்திக்கொள்ளும். லாங்-பில்டு கர்லூ என்ற நீண்ட அலகுக் கோட்டானில் (ஆந்தையல்ல, இதுவும் கரைப்பறவைதான்) பெட்டை, குஞ்சுகளைச் சேவலின் பொறுப்பில் விட்டுவிட்டு முன்னதாகவே கிளம்பிவிடும். இளம் உள்ளான்கள் ஆகஸ்டில்தான் வரும். தாய் தகப்பன் துணையில்லாமல், பிறந்து சில வாரங்களிலேயே இவ்வளவு தூரம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

இறகைப் பார்த்தே யார் யாரென்று சொல்லிவிடலாம். பெரியவற்றின் முதுகிறகு வெளிறி, ஓரம் தேய்ந்து கந்தலாயிருக்கும். இளசுகளுக்கு ஒவ்வொரு இறகிலும் வெளிர் ஓரம் பிசிறில்லாமல், மீன்செதில் அடுக்கியதுபோலத் தெரியும். இந்த வேறுபாட்டுக்காகவே கோடையில் போக வேண்டும். அக்டோபரில் இவ்வளவு தெளிவாக இருக்காது.

அதே மணலில் சின்ன ஆலா என்ற கடற்பறவைகள் அடைகாத்துக்கொண்டிருக்கும். உச்சிவெயிலில் தாய்ப்பறவை பறந்துபோய் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வராது, முட்டை வெந்துபோகும். கயிறு கட்டிய இடத்துக்குள் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், நாயையும் கூட்டிவராதீர்கள். தடித்த அலகுள்ள வில்சன் உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினால் கூடோ குஞ்சோ அருகில் இருக்கிறது. பின்தொடராமல், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

விடியும்போதே அங்கே இருங்கள். வெயில் ஏறிவிட்டால் கானல் ஆடும், தொலைநோக்கியில் எதுவும் நிலைக்காது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கரையில் வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

ஊரில் கோடியக்கரையில் பறவை பார்த்திருந்தால் கல்திருப்பி உள்ளானும் சாண்டர்லிங்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கேயும் அதே இனங்கள்தான். அவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை அடையாளம் காணத் தொடங்குங்கள்.