பதில்: அதிர்வுத் தரவை வரைந்தால் பிரவுசர் உறைகிறது, சராசரி எடுத்தால் முகடுகள் மறைகின்றன

வணக்கம். இயந்திர அதிர்வுப் பதிவை வரைபடமாக்கினால் பிரவுசர் உறைகிறது, சராசரி எடுத்துச் சுருக்கினால் முகடுகள் மறைகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நொடிக்கு 25,600 மாதிரிகள் (அளவீடுகள்), ஒரு மணி நேரப் பதிவு என்றால் 9 கோடிக்கும் மேல் புள்ளிகள். திரையின் அகலமோ 1920 பிக்சல். அத்தனையையும் வரையச் சொன்னால் பிரவுசர் உறையத்தான் செய்யும். புதுக் கணினி வாங்கி இது தீராது.

நீங்கள் செய்தது போல் சராசரி எடுப்பது அதிர்வுத் தரவுக்கு ஆகவே ஆகாது. பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) பழுதில் எழும் சில மில்லிநொடித் துடிப்புதான் முதலில் கரைந்துபோகும், நீங்கள் தேடுவதே அதைத்தான்! நூற்றுக்கு ஒரு புள்ளி எடுத்தாலும் இதே கதி.

திரையின் ஒவ்வொரு பிக்சல் பத்திக்கும் (செங்குத்து வரிசைக்கும்) வரும் மாதிரிகளில் சிறுமமும் பெருமமும் மட்டும் எடுத்து, இரண்டுக்கும் இடையே செங்குத்துக் கோடு வரையுங்கள். எந்த முகடும் தப்பாது. பெரிதாக்கும்போது தெரியும் பகுதிக்கு மட்டும் மறுபடி கணக்கிட வேண்டும். அது மெதுவாக இருந்தால் 16, 256, 4096 மாதிரிகளுக்கு ஒரு சிறும-பெரும ஜோடி என்று முன்கூட்டியே அடுக்குகளாகச் சேமித்துவிடுங்கள். பைத்தானில் எழுதுகிறீர்கள் என்பதால் தெரியும் பகுதிக்கு ஏற்பப் புள்ளிகளைத் தானே குறைத்து வரையும் பிளாட்லி-ரீசாம்ப்ளர் நிரல் தொகுப்பை முதலில் முயன்று பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

தரவைச் சேமிக்க, வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வியை விட்டு, பத்திவாரியாகச் சுருக்கிச் சேமிக்கும் பார்க்கே கோப்பு வடிவத்துக்கு மாறுங்கள். அப்புறம் ஒன்று: நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற படம்) கணக்கிடும்போது இந்தச் சுருக்கிய தரவைத் தொடாதீர்கள். அது கண்ணுக்கு மட்டும்தான். படத்தில் தேர்ந்தெடுத்த நேர வரம்பை வைத்து மூலக் கோப்பிலிருந்து அந்தத் துண்டை எடுத்து எஃப்எஃப்டி (நிறமாலையைத் தரும் கணக்கு முறை) போடுங்கள்.